பரிசல் ஊரிலிருந்து நார்வே கடலுக்கு: கயாக்கில் நெடும்பயணம் போக நினைப்பவர்களுக்கு

தருமபுரிக்குக் கடல் கிடையாது. பக்கத்துக் கடல் என்றால் கடலூரோ புதுச்சேரியோதான், பேருந்து ஏறினால் பாதி நாள் அதிலேயே போய்விடும். இருந்தும் பென்னாகரம், பாலக்கோடு, ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: "அண்ணா, நீங்க போன மாதிரி நார்வே கரையோரமா கயாக்ல போகணும்னா எங்கிருந்து ஆரம்பிக்கணும்?" ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் போனது வட நார்வேயின் ஹெல்கெலாண்ட் கரை. ப்ரோன்னோய்சுண்ட் என்ற சின்ன ஊரில் கயாக்கை, அதாவது உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய படகை, இறக்கி, வடக்கே ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி பூடோ வரை. தீவுகளுக்குள் வளைந்து நெளிந்து போனால் 300 கிலோமீட்டர் அளவுக்கு வரும். நான், ஓசூரில் வேலை பார்க்கும் என் மச்சான், உள்ளூர் வழிகாட்டி ஒருவர் என்று மூன்று பேர். மூன்று பேருக்குக் குறைவாக இந்த மாதிரிக் கடலில் இறங்கவே கூடாது என்பது கயாக்காரர்கள் மத்தியில் பழைய வழக்கம். ஒருவர் கவிழ்ந்தால் ஒருவர் தூக்க, இன்னொருவர் இருவரையும் பாறைப் பக்கம் போகாமல் கயிறு கட்டி இழுக்க ஆள் வேண்டும். மொத்தம் 18 நாளில் 13 நாள்தான் துடுப்புப் போட்டோம். மீதி 5 நாள் காற்றுக்காகக் கரையில் உட்கார்ந்திருந்தோம். அந்த 5 நாள்தான் பயணத்தின் முக்கியமான பகுதி, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு வருடம் ஒதுக்குங்கள்

அடுத்த ஜூனில் போக வேண்டும் என்றால் இந்த ஜூனிலேயே தொடங்க வேண்டும். நீச்சல் தெரியாதவர் அதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் பெரும்பாலோர் கிணற்றில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ முதுகில் கட்டிக்கொண்டு கற்றவர்கள்தான், நானும் அப்படித்தான். அது நல்ல அடித்தளம், ஏனென்றால் ஆழம் பார்த்து பயப்படாத மனசு கிணற்றில்தான் வரும். ஆனால் கயாக்குக்குத் தேவை வேறு மாதிரி: லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, உடையோடு, படகை விடாமல் பிடித்துக்கொண்டு, அலைக்கு நடுவில் நிதானமாக இருக்கத் தெரிய வேண்டும். நீந்திக் கரை சேர்வது திட்டத்திலேயே இருக்கக் கூடாது. படகுக்குள் திரும்ப ஏறுவதுதான் திட்டம்.

அப்புறம் ஒகேனக்கல் போங்கள். வேடிக்கை பார்க்க அல்ல, தண்ணீரைப் படிக்க. ஆற்றில் நீர்வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், அதனால் தண்ணீர் குறைந்த நாளாகப் பார்த்துப் போய், ஒரு பரிசல்காரருடன் முழு நாள் பேசிக்கொண்டே சுற்றுங்கள். பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி மேல்நோக்கி ஓடுவதையும், சுழி எங்கே தொடங்குகிறது என்பதையும் அவர்கள் சொல்லித் தருவார்கள். நான் பெரியப்பா என்று கூப்பிடும் ஒருவர் சொன்னது நார்வேயில் ஒவ்வொரு நாளும் எனக்கு உதவியது: "தண்ணியோட மல்லுக்கு நிக்காத சாமி. அது போற பக்கமே கொஞ்சம் போயி, இளைச்ச எடத்துல வெளிய வா."

பரிசலும் கயாக்கும் ஒரு வகையில் சொந்தக்காரர்கள். பரிசல் என்பது மூங்கில் பின்னலுக்கு மேல் அந்தக் காலத்தில் தோலைப் போர்த்தியது. கயாக் என்பது வடதுருவத்து இனுயிட் மக்கள் கடலில் ஒதுங்கிய மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, சீல் தோலைப் போர்த்தியது. பரிசல் வட்டம், அதனால் எந்தப் பக்கமும் திரும்பும். கடல் கயாக் 5 மீட்டருக்கு மேல் நீளம், அகலம் 55 சென்டிமீட்டர் அளவுதான், அதனால் நேராக ஓடும், ஆனால் முதல் நாள் உட்கார்ந்தவுடன் இடுப்புக்குக் கீழே நடுங்கும். நான்கு நாளில் அது பழகிவிடும்.

துடுப்பு போடுவதில் ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். நம் வீடுகளில் களி கிண்டும் கட்டைக்கும் துடுப்பு என்றுதான் பெயர். பத்துப் பேருக்குக் களி கிண்டும் அம்மாவைப் பக்கத்தில் நின்று பாருங்கள், மணிக்கட்டு அசையாது, முதுகும் இடுப்பும்தான் திரும்பும். கயாக் துடுப்பும் அதேதான். பாதத்தை உள்ளே மிதிகட்டையில் அழுத்தி, உடம்பைத் திருப்பி இழுக்க வேண்டும். கையால் மட்டும் இழுத்தால் இரண்டாம் நாளே மணிக்கட்டு வீங்கும், மூன்றாம் நாள் பயணம் முடிந்துவிடும்.

கவிழப் பழகுங்கள்

ஆற்றுத் தேக்கத்தில் சில வாரம் ஓட்டிப் பழகலாம். மேட்டூர் அணையின் பின்பக்கத் தண்ணீர் நாகமரை வரைக்கும் வருகிறது, காற்றடிக்கும் நாளில் அங்கேயே நல்ல அலை எழும். எந்த அணையாக இருந்தாலும் உள்ளூர் அனுமதி கேட்டுவிட்டு இறங்குங்கள். ஓட்டிப் பழகுவதைவிட அங்கே செய்ய வேண்டியது கவிழ்ந்து பழகுவது.

கயாக்கில் இடுப்பைச் சுற்றி ஸ்பிரே ஸ்கர்ட் என்ற ரப்பர் துணி மாட்டிக்கொள்வோம், தண்ணீர் உள்ளே வராமல் இருக்க. அதன் முன்முனையில் ஒரு பட்டை வளையம் இருக்கும். கவிழ்ந்ததும் முன்னால் குனிந்து, அந்த வளையத்தை முன்பக்கமாகத் தள்ளி இழுத்தால் துணி கழன்றுவிடும், கால் தானாக வெளியே வரும். மொத்தமே ஐந்து வினாடி வேலை. ஆனால் அந்த வளையம் வெளியே தெரியும்படி இருக்க வேண்டும். ஒருநாள் அவசரத்தில் அது உள்ளே மடங்கியிருப்பதைக் கவனிக்காமல் ஸ்கர்ட்டை மாட்டி, தலைகீழாகத் தொங்கியபடி துணி ஓரத்தை விரலால் தேடினேன். முழங்காலை மேலே உந்தித் துணியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்ததால் அந்த நிதானம் கிடைத்தது. அன்றிலிருந்து ஸ்கர்ட் மாட்டியதும் வளையத்தைத் தொட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் "வளையம் வெளியே" என்று வாய்விட்டுச் சொல்வது எங்கள் வழக்கம். நீங்களும் சொல்லுங்கள்.

வெளியே வருவது 20 முறை, துணையோடு திரும்ப ஏறுவது 20 முறை, துடுப்பு முனையில் காற்றுப்பையை மாட்டிக்கொண்டு தனியாக ஏறுவது 20 முறை. அதற்குப் பிறகு, கவிழ்ந்த படகை விட்டு வெளியே வராமலே உருண்டு எழும் வித்தையைக் கற்றுக்கொள்ளலாம், வராவிட்டாலும் பரவாயில்லை.

அப்புறம் கடல். ஜனவரி முதல் மார்ச் வரை ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் போய் ஒரு வாரமாவது பயிற்சி எடுங்கள். அங்கே மீனவர்கள் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வார்கள், சாதுவான பக்கம், முரட்டுப் பக்கம் என்று பொருள். முதலில் பெண்கடல், பிறகு ஆள் துணையோடு ஆண்கடல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா, அவற்றில் இறங்கக் கூடாது. வாடை, கச்சான், கொண்டல், சோழகம் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்திருக்கிறார்களே, அதை அங்கேயே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். காற்று எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கடல் புரிந்த மாதிரி.

குளிர்ந்த தண்ணீர்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

வளைகுடா நீரோட்டத்தின் வெப்பம் அங்கே வந்து சேர்வதால் நார்வே கடல் உறைவதில்லை. ஆனால் கோடையிலும் தண்ணீர் 10 முதல் 13 டிகிரிதான். நமக்கு அது பழக்கமே இல்லாத குளிர். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுருக்கமாகச் சொல்கிறார். விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது, தானாக வாய் திறந்து இழுக்கும், அப்போது முகம் தண்ணீருக்குள் இருந்தால் நீச்சல் வீரனும் மூழ்குவான். அடுத்த 10 நிமிடம்தான் கைவிரல் சொன்ன பேச்சைக் கேட்கும். அதற்குப் பிறகு 1 மணி நேரம் அளவில் உடல்வெப்பம் இறங்கி நினைவு தப்பும். ஆக, படகில் ஏறுவதோ வயர்லெஸ் கைவானொலியில் உதவிக்குக் கூப்பிடுவதோ எதுவானாலும் அந்த 10 நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

இதை வெறும் எண்ணாகப் படித்தால் மனசில் நிற்காது. வீட்டில் செய்து பாருங்கள்: ஒரு வாளித் தண்ணீரில் ஐஸ் போட்டு, வெப்பமானியில் 10 டிகிரி வந்ததும் இரண்டு கையையும் முழங்கை வரை 5 நிமிடம் வையுங்கள். எடுத்ததும் சட்டைப் பொத்தானைப் போட்டுப் பாருங்கள். மச்சான் போட்டுப் பார்த்தான், மூன்றாவது பொத்தானில் விரல் நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் அவன் வாடகைக்கு எந்த உடை எடுப்பது என்ற பேச்சை நிறுத்தி, முழு டிரைசூட்டுக்கு ஒத்துக்கொண்டான்.

டிரைசூட் என்பது கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டையால் இறுகிய, தண்ணீர் புகாத முழு உடை. அதற்குள் கம்பளி உள்ளாடை இரண்டடுக்கு. பருத்தித் துணி ஒன்றுகூட வேண்டாம், பனியனும் ஜீன்ஸும் நனைந்தால் குளிரை உடம்போடு ஒட்டிவைக்கும். வெளியே 18 டிகிரி வெயில் அடிக்கும், உள்ளே வியர்க்கும், கழற்றலாமா என்று தோன்றும். கழற்றாதீர்கள். வெயிலைப் பார்த்து உடுத்தக் கூடாது, தண்ணீரைப் பார்த்து உடுத்த வேண்டும். கூடாரத்தில் தூங்கிப் பழக ஓசூர்ப் பக்கத்துத் தளி ஊரே போதும், மார்கழி இரவில் அங்கே இரண்டு நாள் படுத்தால் உங்கள் ஸ்லீப்பிங் பை லாயக்கா இல்லையா என்று தெரிந்துவிடும்.

விசா, வானொலி, விமானத்தில் ஏறக் கூடாதவை

நார்வே ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளில் கூடாது. நான் சொல்வது, பிப்ரவரி மார்ச்சிலேயே கொடுத்துவிடுங்கள், கோடையில் கூட்டம் அதிகம். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும், அதில் கடல் கயாக்கும் மீட்புச் செலவும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாகச விளையாட்டு என்று ஒதுக்கிவிடும் காப்பீடுகள் உண்டு.

செயற்கைக்கோள் தொலைபேசியோ செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கைக்கருவியோ இந்தியாவிலிருந்து வாங்கிக்கொண்டு போக நினைக்காதீர்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருப்பது இங்கே குற்றம், விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள். ஆபத்தில் மீட்புக் குழுவுக்கு சைகை அனுப்பும் அவசரக் கருவி, கைவானொலி, டிரைசூட், கயாக் எல்லாமே அங்கே வாடகைக்கு எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். வாடகை தருபவர் பெரும்பாலும் 'வோட்கோர்ட்' இருக்கிறதா என்று கேட்பார், அது நார்வே துடுப்பு விளையாட்டுச் சங்கத்தின் பயிற்சி அட்டை. அதன் அடிப்படை வகுப்பு 16 மணி நேரம், ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். அட்டை கேட்காத இடமாக இருந்தாலும் அந்த வகுப்பில் சேருங்கள். இங்கே எத்தனை முறை கவிழ்ந்து பழகியிருந்தாலும் அங்கே முதல்முறை விழும்போதுதான் உண்மையான பாடம்.

கேஸ் டப்பா விமானத்தில் ஏறாது, அங்கே வாங்கலாம்.

சாப்பாடும் மூட்டையும்

நார்வேயில் கடைச் சாப்பாட்டை நம்பினால் பணம் கரைந்துவிடும். இங்கிருந்து கொண்டுபோவதில் நெய், பால்பவுடர், இறைச்சி வகை எதுவும் வேண்டாம் (கருவாடு இதில் சேராது), ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால்பொருளும் கொண்டுவர அங்கே அனுமதி இல்லை. சிக்கல் வேண்டாம் என்று நாங்கள் கருவாட்டையும் விட்டுவிட்டோம். வறுத்த கேழ்வரகு மாவு, அவல், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், கடலை மிட்டாய், எள்ளுருண்டை. காலையில் கேழ்வரகுக் கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்பினால் மதியம் வரை தாங்கும். எள்ளுருண்டையை லைஃப் ஜாக்கெட் பையில் போட்டுக்கொள்ளுங்கள், மணிக்கு ஒன்று.

கயாக்கின் மூடிவாய் சின்னது, முன்பக்க வட்ட மூடி சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியதாக இருக்கும். அதனால் வீட்டிலேயே அட்டையில் 22 சென்டிமீட்டர் வட்டம் வெட்டி, ஒவ்வொரு பாத்திரத்தையும் பையையும் அதில் நுழைத்துப் பாருங்கள். ஒரே பெரிய பையைவிடப் பத்துச் சின்னப் பை மேல். கனமானது (தண்ணீர், மாவு) நடுவில், அடியில். லேசானது இரண்டு முனையிலும். தண்ணீர் ஆளுக்கு 6 லிட்டராவது எப்போதும் இருக்கட்டும், பெரிய தீவுகளில் ஓடை இருக்கும், தட்டைப் பாறைத் தீவுகளில் சொட்டுக்கூட இருக்காது.

கடலில் ஒரு நாள்

மூட்டையோடு மணிக்கு 5 கிலோமீட்டர் போவோம். நாளைக்கு 20 முதல் 25 கிலோமீட்டர் திட்டமிடுங்கள், அதற்கு மேல் முதல்முறையில் வேண்டாம்.

காலையில் எழுந்ததும் யர் என்ற வானிலைச் சேவையைப் பாருங்கள், நார்வே வானிலை நிறுவனமும் அரசு ஒலிபரப்பும் சேர்ந்து நடத்துவது. காற்றை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்வார்கள். 5 மீட்டர் வரை கிளம்பலாம். 8 மீட்டர் என்றால் அலைத்தலை வெள்ளையாக உடையும், புதியவர்கள் கரையில் இருந்துவிட வேண்டும். வானொலியில் 'கூலிங்' என்று கேட்டால் குளிர் என்று நினைத்துவிடாதீர்கள், நார்வே மொழியில் அது பலத்த காற்று.

அடுத்தது ஏற்றவற்றம், கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவது. அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றமும் பெரிது, நம் ஊர் நாள்காட்டியே அதைச் சொல்லிவிடும். ஆறு மணி நேரம் தண்ணீர் ஏறுகிறது என்றால் எல்லா மணி நேரமும் ஒரே அளவு ஏறாது. மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில் மட்டும் பாதித் தண்ணீர் வந்துவிடும். இரண்டு தீவுக்கு நடுவே உள்ள இடுக்கை அந்த நேரத்தில் கடக்காதீர்கள், காவிரி வெள்ளம் மாதிரி ஓடும். நீரோட்டம் ஒரு பக்கம் போக, காற்று எதிர்ப் பக்கமிருந்து வந்தால் அலை செங்குத்தாக நிற்கும், அதே காற்றில் மற்ற இடம் அமைதியாக இருந்தாலும். செங்குத்துப் பாறைக்கு ஓரமாகவும் போகக் கூடாது, மோதித் திரும்பும் அலையும் வரும் அலையும் சேர்ந்து படகை எந்தத் தாளமும் இல்லாமல் தூக்கிப் போடும். பூடோவுக்குத் தென்கிழக்கே சால்ட்ஸ்ட்ராவ்மென் என்ற நீரிணை இருக்கிறது, 150 மீட்டர் அகலத்துக்குள் உலகின் மிக வலுவான ஏற்றவற்ற நீரோட்டங்களில் ஒன்று அதில் ஓடுகிறது. அதைப் பாலத்தின் மேல் நின்று பாருங்கள், போதும்.

சால்மன் வளர்க்கும் வட்டக் கூண்டுகளிலிருந்து 20 மீட்டராவது தள்ளிப் போக வேண்டும், அது சட்டம். பறவைகள் அடைகாக்கும் தீவுகளில் இறங்கத் தடை இருக்கும், வரைபடத்தில் முந்தின இரவே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது காற்றுக்காக உட்கார்ந்த அந்த 5 நாளில் இரண்டைப் பற்றி. ரோடோய் தீவுக்குத் தெற்கே ஒரு கல் கடற்கரையில் காற்று 9 மீட்டரில் தொடர்ந்து அடித்தது. எதிரே தீவு தெரிகிறது, 6 கிலோமீட்டர்தான். முதல் நாள் வரைபடம் பார்த்தோம், இரண்டாம் நாள் துணி தைத்தோம். மச்சான் கரைக்கும் கூடாரத்துக்கும் நடந்துகொண்டே இருந்தான், விடுமுறை தீர்கிறது, விமானச் சீட்டு இருக்கிறது என்று. அந்த வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல் ஒரு குச்சியைத் தண்ணீர் ஓரத்தில் ஊன்றி, மணிக்கொரு தடவை அலை எங்கே தொடுகிறது என்று கல் வைத்துக்கொண்டே வந்தார். இரண்டாம் நாள் இரவு 11 மணிக்கு, சூரியன் இன்னும் கடலுக்கு மேலேயே நிற்க, காற்று அப்படியே விழுந்தது. எழுந்து படகை இறக்கினோம். நள்ளிரவுக்குப் பிறகு எதிர்க்கரை சேர்ந்தபோது தண்ணீர் எண்ணெய் ஊற்றிய மாதிரி இருந்தது. மறுநாள் வட அட்சரேகை 66 டிகிரி 33 நிமிடம், ஆர்க்டிக் வட்டத்தைக் காட்டும் உலக உருண்டைச் சின்னம் பாறைமேல் நின்றது. ஆகவே திட்டத்திலேயே மூன்றில் ஒரு பங்கு நாளைக் காற்றுக்கு எழுதி வையுங்கள். திரும்பும் விமானத்துக்கு மூன்று நாள் முன்பே கரை சேர்வதாகக் கணக்குப் போடுங்கள், இல்லாவிட்டால் சீட்டுதான் முடிவெடுக்கும், நீங்கள் எடுக்க மாட்டீர்கள்.

இரவும் தகவலும்

1957-ம் ஆண்டின் வெளிப்புறப் பொழுதுபோக்குச் சட்டப்படி அங்கே வேலி போடாத நிலத்தில் யாரும் கூடாரம் போடலாம், குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி, ஒரே இடத்தில் இரண்டு இரவு வரை. ஊரிலிருந்து ஒதுங்கிய இடமென்றால் இன்னும் கூடுதல் நாள் தங்கலாம். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டோரத்திலும் தீ மூட்டக் கூடாது. படகைக் காய்ந்த கடற்பாசிக் கோட்டுக்கு மேலே தூக்கி, கல்லிலோ மரத்திலோ கட்டுங்கள். ஏற்றம் 2 மீட்டருக்கு மேல் வரும், தூங்கி எழும்போது படகு போயிருந்தால் தீவில் மாட்டிக்கொள்வீர்கள். வெளிச்சத்தில் தூங்கக் கண்பட்டை வேண்டும்.

கடலில் ஆபத்து என்றால் வானொலியில் 16-வது அலைவரிசை, தொலைபேசியில் 120. இரண்டு எண்ணையும் படகின் மேல்தளத்தில் ஒட்டிவிடுங்கள், குளிரில் நினைவு வராது.

வீட்டில் இருப்பவர்களை மறக்காதீர்கள். என் அம்மா ஜாதகத்தில் நீரில் கண்டம் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் அழுதார். பேசித் தீராது, ஏற்பாடு காட்டினால் தீரும். பாலக்கோட்டில் இருக்கும் அக்காவிடம் ஒவ்வொரு இரவும் நாளைய பாதை, இறங்கும் தீவு, எத்தனை மணிக்குள் கரை சேருவோம் என்று மூன்றே வரியில் அனுப்பினேன். கோடையில் அங்கேயும் இங்கேயும் மூன்றரை மணி நேர வித்தியாசம், அங்கே மாலை 6 என்றால் இங்கே இரவு 9.30. சொன்ன நேரத்துக்கு மேல் நான்கு மணி நேரம் ஆகியும் செய்தி வராவிட்டால் பூடோவில் உள்ள மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தைக் கூப்பிட வேண்டும், என்ன சொல்ல வேண்டும், எங்கள் படகு என்ன நிறம், மூன்று பேர் பெயர் என்ன, எல்லாம் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். அக்கா அதை நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைத்திருந்தாள், அம்மாவுக்கும் அதைப் படிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.